கொடியில் காயும் மீனம்மாளின் லுங்கி

மோல்மீனில் வாழும் மதிப்பிற்குரிய மைத்துனர் சிவானந்தன் மச்சான் சமூகத்திற்கு, ரங்கூன் தாமுவே நாலாம் மாடியிலிருந்து ராஜரத்தினம் வணங்கி எழுதுவது. இவ்விடம் நானும், கரப்பான்பூச்சிகளும், ஒரு பக்கம் மட்டும் வேகிற கரண்டுச் சோற்றுப் பானையும் நலம். அவ்விடம் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாயிருக்க முனீஸ்வரரிடம் சொல்லியிருக்கிறேன். வருகிற வழியில் புத்தர் பகோடாவிலும் ஒரு வார்த்தை போட்டு வைத்தேன்.

தங்கள் தங்கை மீனம்மாள் ஷ்வேப்யிதா தையல் ஆலையில் சூப்பர்வைசராக இருந்ததும், அந்த முதலாளி கென்யாவில் மொம்பாசா என்ற ஊரில் புது ஆலை திறந்து, அங்குள்ள பெண்களுக்குத் தொழில் பழக்க அவளைக் கூட்டிப்போனதும் தாங்கள் அறிந்ததே. பங்குனியோடு ரெண்டு வருஷம் முடிகிறது. இப்போது இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் காண்ட்ராக்ட் நீட்டுகிறோம் என்கிறார்கள். "ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு வார்த்தை சொல்லுங்க, வேணாம்னா வந்துடுறேன்" என்கிறாள். நானோ பெரிய மனுஷனாட்டம் "உன் இஷ்டம்மா" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். ஆகவே தாங்கள் மூத்தவர் என்ற முறையில் "போதும், வந்து சேர்" என்று அவளைக் கண்டிக்க வேண்டும். நீயே சொல்லேன் என்பீர்கள். நான் சொன்னால் ஆசை என்று தெரிந்துபோகும். தாங்கள் சொன்னால் அது அதிகாரம். போனில் சொல்லாமல் கடிதம் எதற்கென்றால், போனில் அக்கா கேட்பார்கள், அக்கா கேட்டால் அரை மணியில் மொம்பாசாவுக்குத் தெரியும்.

அவள் கிளம்பும்போது நான் சிரித்தேன் மச்சான். டவுனில் சூலே பக்கம் ரோடு தாண்ட என் சட்டைக் கையைப் பிடித்துக்கொள்கிறவள் ஆப்பிரிக்காவில் என்ன செய்வாள், மூணு மாசத்தில் அழுதுகொண்டு வந்துவிடுவாள் என்று கோயிலில் எல்லாரிடமும் சொல்லி வைத்தேன். மூணாவது மாசம் அழுதது யாரென்று தங்களுக்கு எழுத மாட்டேன். கரண்டு எப்போது வரும், அரிசியை எப்போது போடணும் என்று அவள்தான் கணக்காய்ச் சொல்லுவாள். நான் போட்டால் பாதி வேகும்போது கரண்டு போய்விடும். மகள் லதாவோ கல்யாணமாகி மாண்டலேயில். அவளிடம் கேட்டால் "அப்பா, யூடியூப் பாருங்க" என்கிறாள். கரண்டு இருந்தால் நான் ஏன் யூடியூப் பார்க்கிறேன், சோறல்லவா ஆக்குவேன்!

இதிலே லுங்கி விஷயம் ஒண்ணு இருக்கு. அதையும் சொல்லிடறேன், இல்லாட்டி வேற யாராவது வந்து கூட்டிச் சொல்லுவாங்க. உங்க தங்கச்சி போகும்போது, இந்த ஊர்ப் பொம்பளைங்க மாதிரி கட்டிக்கிட்டிருந்த பழைய ஊதா லுங்கி ஒண்ணை அலமாரியிலே விட்டுட்டுப் போயிட்டா. மழைக்காலத்திலே பூசணம் வாடை வந்துச்சு. துவைச்சேன். இந்த ஊரு வழக்கம் நமக்குத் தெரியாததா? பொம்பளை லுங்கியைப் பின்கட்டிலே தாழ்த்தித்தான் காயப்போடணும், அதுக்கு அடியிலே ஆம்பளை நடந்தா அவன் மகிமை போயிடும். நானும் அம்பத்துமூணு வருஷம் குனிஞ்சும் விலகியும் என் மகிமையைக் காப்பாத்திக்கிட்டு வந்தவன்தான். பின்கட்டிலே வெயில் இல்லைன்னு முன் பால்கனிக் கொடியிலே போட்டேன். மறந்துபோய் அடியிலே நடந்தும் போயிட்டேன். நனைஞ்ச துணி தலையிலே பட்டுச்சு. இடி ஒண்ணும் விழலை மச்சான். அவ பக்கத்திலே வந்து நின்ன மாதிரி இருந்துச்சு. அதிலேருந்து அழுக்கே இல்லாத அந்த லுங்கியை வாராவாரம் துவைக்கிறேன்.

எதிர்வீட்டுப் பர்மாக்கார அம்மா டோ கின் ஏ அதைப் பார்த்துட்டு, "கோ ராஜா! ம மீனா வந்துட்டாளா?"ன்னு அவங்க ஊர் மரியாதையோட தெரு முழுக்கக் கேக்கிற மாதிரி கத்தினாங்க. இல்லைன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "தூங்குறா"ன்னு வந்துடுச்சு. அவ்வளவுதான், சாயங்காலமே மீனாவுக்குன்னு ஒரு சட்டி மீன்சாறு மோஹிங்கா வந்துச்சு. அவ எங்கேன்னு கேட்டாங்க. "குளிக்கிறா"ன்னேன். மறுநாள் மாடிவீட்டுப் பொண்ணு தேயிலை ஊறுகாயோட வந்தா. அப்பவும் குளிக்கிறா. மூணாம் நாள் கீழே டீக்கடை காஜா மைதீன் பாய் என்னைப் பிடிச்சு உக்கார வச்சார். "ஏம்ப்பா, மாசத்துல பாதி நாள் தண்ணி வராத கட்டடம், உன் பொண்டாட்டி மட்டும் மூணு நாளா குளிக்குதே, எங்கப்பா தண்ணி?" கடை பூரா சிரிச்சுது. நானும் சிரிச்சேன். வேற வழி?

டோ கின் ஏகிட்ட போய் உண்மையைச் சொல்லிச் சட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். "அடியில வேற நடக்கிறியாமே, மகிமை விழுந்துடும்ப்பா"ன்னாங்க. "இருந்தாத்தானேம்மா விழும்"னேன். அந்தம்மா சிரிக்கலை. கொடியைப் பார்த்துட்டு, "வெயில் சரியாப் படலை, இன்னும் கொஞ்சம் ஏத்திக் கட்டு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

மச்சான், அங்கே ஆலை வேனை ஓட்டுறது அச்சியெங்னு ஒரு பொம்பளை. மூணு பிள்ளைக்குத் தாய். அவதான் இவளுக்கு வண்டி பழக்கிவிட்டாளாம். ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு இவ உக்காந்திருக்கிற போட்டோவை லதா அனுப்பி வச்சா. "வேன் ஓட்டுறதை எப்ப நிறுத்தப்போறே"ன்னு அச்சியெங்கோட புருஷன் கேட்டானாம். "நீ களி கிண்டப் பழகினதும்"னாளாம். இதை வீடியோ போன்லே சொல்லி மீனா சிரிச்சா பாருங்க, வாயிலே சோத்தோட, கையாலே மறைக்காம. இங்கே நான் சாப்பிட்டு எழுந்ததுக்கு அப்புறம்தான் தனக்குத் தட்டு வைக்கிறவ. இருபத்தாறு வருஷம் ஒரே வீட்டிலே இருந்தேன், அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. அது மொம்பாசாவிலே கிடைக்கிற சிரிப்பா, இங்கேயே இருந்து நான் கேக்காம விட்டதான்னு தெரியலை.

இருக்கட்டும். தாங்கள் தவறாமல் கண்டிக்கவும். கடிதம் நாளைக் காலை பாயின் மருமகன் கையில் பஸ்ஸில் வரும். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் ஆயுளோடும் அறிவோடும், முக்கியமாகச் சமையலோடும் வளர என் ஆசிகள்.

தங்கள் சொல்லையே நம்பியிருக்கும்,
ராஜரத்தினம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது அவளே கூப்பிட்டுட்டா. "என்ன முடிவு பண்ணீங்க?"ன்னா. வந்துடுன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அதுக்குள்ளே பின்னாடி ஒரு பொண்ணு ஏதோ கேட்டா. இவ அந்த ஊர்ப் பாஷையிலே பதில் சொன்னா, நிமிர்ந்து, ஒரு தயக்கம் இல்லாம. அந்தப் பக்கம் நாலஞ்சு மிஷின் ஓட ஆரம்பிச்ச சத்தம் கேட்டுச்சு. "கையெழுத்துப் போட்டுடு"ன்னு சொல்லிட்டேன். அதுக்கு அவ, "சோறு வெந்துச்சா?"ன்னா. வெந்துச்சுன்னேன்.

ஆகவே மேலே எழுதினதை எல்லாம் படிக்காதீங்க. கண்டிக்கவும் வேணாம், அவகிட்டே மூச்சு விடவும் வேணாம். அக்கா பெட்டியிலே மீனாவோட பழைய லுங்கி ஏதாவது கிடந்தா மட்டும் பஸ்ஸிலே கொடுத்து அனுப்புங்க. இது துவைச்சுத் துவைச்சு நைஞ்சுபோச்சு மச்சான். இன்னும் ரெண்டு வருஷம் தாங்காது.