கௌளியாரின் பதினொரு நாள் பாட்டு

ஒரு காட்டில் ஒரு பல்லி இருந்தான். உத்தரத்தில் ஒட்டிக்கொண்டு ஈக்குக் காத்திருக்கிற பல்லி என்று நினைத்துவிடாதீர்கள். இவன் ராப் பாடுகிற பல்லி. நாம் ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் நாற்பது வார்த்தையைக் கொட்டிவிட்டு, வாலால் மரப்பட்டையில் தாளம் தட்டிக்கொண்டே அடுத்த அடிக்குப் போய்விடுவான். பெயர் சிங்கராயன். பெயரில்தான் சிங்கம், ஆள் ஒரு விரல் நீளம் இருந்தால் அதிகம்.

அவனுடைய அம்மா பிலோமியும் அப்பா சந்தியாகும் கடலுக்கு அந்தப் பக்கம் உப்புத்தீவில் பிறந்தவர்கள். அங்கே கொசு பிடிக்கக்கூட வரிசையில் நின்று டோக்கன் வாங்க வேண்டும் என்று ஆனபோது, இரண்டு பேரும் ஒரு தென்னம்பாளையில் ஏறிக் கிளம்பிவிட்டார்கள். பதினொரு நாள் கடல். ஒன்பதாம் நாள் பாளை ஊறிப்போய் இரண்டு பேரைத் தாங்காது என்று ஆயிற்று. பிலோமி வயிற்றில் முட்டை இருந்தது. சந்தியாகு தண்ணீரில் இறங்கிவிட்டான். கரைசேர்ந்த மறுநாள் ஒரு பலாமரப் பொந்தில் அவள் முட்டையிட்டாள். அதிலிருந்து வந்தவன்தான் நம்ம ஆள்.

வீட்டில் தீவுப் பேச்சு, வெளியே காட்டுப் பேச்சு. பாட்டில் இரண்டும் கலந்துதான் வரும். தீவிலிருந்து வந்த நண்டுகள் "பிள்ளைக்கு நம்ம பேச்சு நாக்குல நிக்கலை" என்றன. காட்டு விலங்குகள் "பாதி புரியலை" என்றன. அதையெல்லாம் அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவனுக்கு இருந்தது ஒரே ஆசை. 'பதினொரு நாள் தண்ணி' என்று அப்பாவைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டியிருந்தான். முப்பத்தொன்பது அடி. கடைசி வார்த்தை அப்பாவின் பெயர். புதைத்த இடம் என்று ஒன்று இல்லாத அப்பா. அவர் பேராவது நாலு பேர் காதில் விழட்டுமே என்று இருந்தது அவனுக்கு. பிலோமிக்கும் அதே ஆசைதான். வாய்விட்டுச் சொல்லமாட்டாள்.

ஆனால் பாருங்கள், அந்தக் காட்டில் பல்லி வாயைத் திறந்தால் பாட்டு யார் கேட்கிறார்கள்? எல்லாரும் பலன்தான் பார்ப்பார்கள். எந்தக் கிழமை, எந்தத் திசை, என்ன பலன் என்று பஞ்சாங்கத்தைப் புரட்டிவிடுவார்கள்.

மான் வீட்டு நிச்சயதார்த்தத்தில் முதல் அடியைத்தான் எடுத்தான். மாப்பிள்ளையின் தாய்மாமன் கொம்பை ஆட்டிக்கொண்டு எழுந்துவிட்டது.

"வெள்ளிக்கிழமை, தென்மேற்கு மூலை. கலகம்."

"மாமா, அது பாட்டு. இன்னும் முப்பத்தெட்டு அடி இருக்கு."

"முதல் அடிக்கே கலகம்னா மீதி முப்பத்தெட்டை யாருப்பா தாங்குறது?"

தட்டு மாற்றாமலே எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். சரி, கெட்ட பலன் என்பதால் போனார்கள் என்று வைத்துக்கொள்வோம். முயல் வீட்டுக் காதுகுத்தில் வடக்கே நின்று பாடினான். தனலாபம் என்று பஞ்சாங்கம் சொல்லிற்று. லாபம் எங்கே கிடக்கிறது என்று பார்க்க அத்தனை பேரும் ஓடிவிட்டார்கள். காது குத்த வந்த ஆசாரிதான் மிச்சம். அவரும் ஊசியைத் துடைத்துக்கொண்டே போய்விட்டார்.

அப்போதுதான் ஆடிப்பெருக்கு விழா அறிவிப்பு வந்தது. ஆற்றங்கரையில் மேடை, மைக்செட், காடே கூடும். மேடை ஏறக் கலைஞர் அட்டை வேண்டும். கவுண்ட்டரில் இருந்தது முள்ளம்பன்றி. அதனாலேயே வரிசையில் யாரும் முண்டியடிக்கவில்லை.

"பூர்வீகம்ங்கிற இடத்துல ரெண்டு ஊர் எழுதியிருக்கே. ஒண்ணுதான் எழுதணும்."

"பொறந்தது இங்க. அப்பா அம்மா தீவு."

"அப்போ தீவுன்னு எழுதி, நண்டுச் சங்கத்துல கடிதம் வாங்கிட்டு வா."

நண்டுச் சங்கத் தலைவர் இவனைப் பக்கவாட்டில் பார்த்தார். "நீ இங்க பொறந்தவன் தம்பி. உனக்கு நாங்க எப்படிக் கடிதம் தர்றது?" பலாமரத்து அணில் மணியக்காரரிடம் போனால், "உங்க அம்மா தண்ணியில வந்தவங்க. மரத்துக்காரன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போட?" என்றார். சிங்கராயன் கவுண்ட்டருக்கும் சங்கத்துக்கும் மரத்துக்குமாக நாலு நாள் அலைந்து, கால் விரல் பிசுபிசுப்பே தேய்ந்துபோய், சறுக்கி விழ ஆரம்பித்தான்.

இதையெல்லாம் ஒற்றைக் காலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது வெள்ளைச்சாமி என்கிற கொக்கு. ஆகாத காரியத்தை ஆக்கித் தருவதுதான் அதன் பிழைப்பு.

"பாட்டுக் கவுண்ட்டர்ல ஏன்பா நிக்கிறே? பக்கத்துல சகுனக் கவுண்ட்டர் காலியா கிடக்குது. அங்க பூர்வீகமே கேக்கமாட்டாங்க. சகுனத்துக்கு ஏது ஊரு?"

"நான் பாடகன்."

"மேடை வேணுமா, பட்டம் வேணுமா?"

மேடைதான் வேண்டியிருந்தது. அட்டை ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது. பல்லி என்று போட்டால் மரியாதை இல்லை என்று கொக்கு 'கௌளியார்' என்று எழுதிக்கொடுத்தது. அதோடு விட்டதா? நெற்றியில் பட்டை இழுத்து, மாலை போட்டு, மரத்துக்கு மரம் படம் ஒட்டியது. விழாவுக்கு இருந்த ஒரு மாதத்தில் நம்ம பையன் எங்கேயோ போய்விட்டான். கரடி தேனெடுக்கப் போகுமுன் வந்து கும்பிட்டது. "சாமி, கொஞ்சம் ஈசானியப் பக்கம் நகர்ந்து நின்னு ஒரு தடவை சொல்லுங்க" என்று வேண்டிய பலனுக்கேற்ற திசையைக் கரடியே காட்டிக்கொடுத்தது. அணில்கள் அவன் சத்தத்தைச் செல்போனில் ரிங்டோனாக வைத்துக்கொண்டன. ஆளுக்கு ஒரே ஒரு 'கச்'. அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லக் கொக்கு விடவில்லை.

சிங்கராயனுக்கு அழுகையாக வந்தது. ஊரெல்லாம் பேர், பாட்டு மட்டும் தொண்டையிலேயே நிற்கிறது.

விழா நாள் வந்தது. மேடை ஏறுமுன் கொக்கு காதோடு சொன்னது: "வடகிழக்குல நின்னு ஒரே ஒரு சத்தம். இறங்கிடணும்." அவன் தலையை ஆட்டினான். பல்லி தலையாட்டுவதை எல்லாம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டால் அது கொக்கின் தப்பு.

முன்வரிசையில் பிலோமி. பக்கத்தில் காட்டு ராஜா சிங்கம். பின்னால் ஆயிரம் தலை. சிங்கராயன் மைக்கில் ஏறினான், வாலால் இரண்டு தட்டுத் தட்டினான், தொடங்கினான்.

ஒரு சத்தம் இல்லை, இரண்டு இல்லை. ஆலங்கட்டி மழை மாதிரி கொட்டியது. தாளத்துக்கு ஆடுகிறவன் ஒரு திசையில் நிற்பானா? கிழக்கே ஒன்று, தெற்கே இரண்டு, மேற்கே நாலு. கூட்டம் பஞ்சாங்கத்தைப் புரட்டத் தொடங்கியது. "லாபம்... இல்லை, நஷ்டம்... விருந்தாளி வருகை... ஐயோ, மரணச் செய்தி... மறுபடி லாபம்!" எருமை தன் கன்றை இழுத்துக்கொண்டு எழுந்தது. மான்கள் எழுந்தன. இன்னும் ஒரு நொடி விட்டால் கூட்டம் மிதித்துக்கொண்டு ஓடும், அப்புறம் தன்னைத்தான் பிடித்து உதைப்பார்கள் என்று கொக்குக்குத் தெரிந்துவிட்டது. அது இன்னொரு மைக்கைப் பிடுங்கிக் கத்தியது.

"யாரும் எழுந்திரிக்காதீங்க! கடைசிச் சத்தத்துக்குத்தான் பலன். நடுவுல போறவங்களுக்கு நடுவுல கேட்டதுதான் பலிக்கும்!"

அவ்வளவுதான். ஆயிரம் தலையும் அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஒன்றுக்குப் போக எழுந்த சிங்கம்கூட வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்துகொண்டது.

சிங்கராயன் பாடினான். தீவுப் பேச்சிலும் பாடினான், காட்டுப் பேச்சிலும் பாடினான். பாளை மிதந்தது, தண்ணீர் ஏறியது, ஒன்பதாம் நாள் வந்தது. ஒருத்தர் இருமவில்லை, ஒரு குட்டி சிணுங்கவில்லை. எந்தப் பாடகனுக்கும் கிடைக்காத அமைதி. முப்பத்தொன்பதாவது அடியில் அவன் கடல் இருக்கிற கிழக்குப் பக்கம் திரும்பி, வேகத்தையெல்லாம் விட்டுவிட்டு, நிதானமாகச் சொன்னான்: "சந்தியாகு."

பிலோமி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கூட்டம் அவசர அவசரமாகப் பக்கத்தைப் புரட்டியது. கிழக்கு, திங்கட்கிழமை, சகல காரிய சித்தி. ஆற்றங்கரையே கைதட்டலில் அதிர்ந்தது.

அவன் கீழே இறங்கிவந்து கரடியைப் பிடித்துக்கொண்டான். "பாட்டு எப்படி இருந்துச்சு?"

"பாட்டா? எந்தப் பாட்டு சாமி?" என்றது கரடி. "கடைசியா ஒரு மந்திரம் சொன்னீங்களே, அதை இன்னொரு தடவை சொல்லுங்க. மனப்பாடம் பண்ணிக்கறேன்."

"அது மந்திரம் இல்லை. எங்க அப்பா பேரு."

"சும்மா சொல்லாதீங்க சாமி" என்று கரடி சிரித்துக்கொண்டே போய்விட்டது.

அன்றிலிருந்து அந்தக் காட்டில் யார் எதைத் தொடங்கினாலும், கூடு கட்டினாலும் குழி தோண்டினாலும், மூன்று தரம் 'சந்தியாகு' என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறார்கள். அது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. முள்ளம்பன்றிகூட விண்ணப்பத்தில் முத்திரை குத்துமுன் சொல்கிறது. சிங்கராயன் ஆளாளுக்குப் போய் விளக்கிப் பார்த்து அலுத்துவிட்டான்.

"விடுடா" என்றாள் பிலோமி. "கடல்ல போனப்போ அந்த மனுசன் பேரைச் சொல்லிக் கூப்பிட நான் ஒருத்திதான் இருந்தேன். இப்போ காடே கூப்பிடுது."

நீதி: உன் பாட்டை ஊர் கடைசிவரை உட்கார்ந்து கேட்க வேண்டுமானால் குரலைப் பழக்கி நேரத்தை வீணாக்காதே, கேட்பவர் வயிற்றில் புளியைக் கரைக்க ஒரு கொக்கைப் பிடி.