பெருநாள் சோபாவில் கவிழ்ந்த சர்பத்

என் வாழ்நாளில் நான் செய்த ஒரே வீரச்செயல், கிண்ணியாவில் அடுத்தவர் வீட்டுப் புதுச் சோபாவில் சர்பத்தைக் கவிழ்த்ததுதான்.

அப்போது மகள் தர்ஷிக்கு ஏழு வயது. நாலு வயதிலேயே படுக்கை நனைப்பதை விட்டவள், இரண்டு மாதமாகப் பகலிலும் உடுப்பை நனைத்துக்கொண்டிருந்தாள். சோம்பேறித்தனம் என்று தீர்ப்பளித்தவன் நான். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு தண்ணீர்ப் போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். (ஓம், பூட்டினேன். இப்போது நினைத்தால் என்னையே உள்ளே வைத்துப் பூட்டியிருக்கலாம் போலிருக்கிறது.)

நோன்புப் பெருநாளுக்கு நண்பர் நிஸார் விருந்துக்கு அழைத்திருந்தார். சோபாவின் பிளாஸ்டிக் உறையை அன்று காலைதான் கழற்றியிருந்தார்கள். சாப்பாட்டுக்குப் பின் இனிப்புக்கு வட்டிலப்பம் வரும் நேரம் பார்த்து, பக்கத்தில் இருந்த தர்ஷி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். முகம் வெளிறியிருந்தது. குனிந்து பார்த்தால் சோபா ஈரம்.

வீடு நிறைய ஆட்கள். கையிலிருந்த றோஸ் சர்பத்தை அப்படியே அவள் மடியில் ஊற்றி, "ஐயோ, கை தவறிப் போச்சு!" என்று கத்தினேன். நடிப்பு கூடிப்போய், முழங்கை பட்டு, மேசையிலிருந்த சர்பத் சாடியும் என் வெள்ளைக் காற்சட்டையில் கவிழ்ந்தது.

நிஸாரின் மனைவி பரீதா மருத்துவிச்சி. தர்ஷியை அறைக்குள் கூட்டிப்போய் உடுப்பு மாற்றிவிட்டு, என்னைக் குசினிப் பக்கம் கூப்பிட்டார்.

"அண்ணன், சர்பத் கதையை விடுங்க. எவ்வளவு நாளா இப்பிடி?"

"ரெண்டு மாசமா. சோம்பல், தங்கச்சி."

"இடுப்புக்குக் கீழ முதுகில முடிக்கொத்து ஒண்டு இருக்கே, தெரியுமா?"

"ஓம், ஓம்! பிறந்ததிலயிருந்து இருக்கு. அது அதிர்ஷ்டம்!" (ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவன் நான்.)

"அதிர்ஷ்டமெண்டு இருக்க ஏலாது. முள்ளந்தண்டுக்குள்ள பிழையெண்டாலும் இப்பிடி அடக்க ஏலாமப் போகும். நாளைக்கே டொக்டரிட்டக் காட்டுங்க."

காட்டினோம். ஸ்கான் எடுத்தார்கள். முள்ளந்தண்டின் அடியில் நரம்புத்தண்டு ஒட்டி இழுபட்டுக் கிடந்தது. பிள்ளை அடக்க முடியாமல்தான் நனைத்திருக்கிறாள். நான் தண்ணீரைப் பூட்டியிருக்கிறேன். சத்திரசிகிச்சை முடிந்து, "நல்ல நேரத்தில கொண்டுவந்தனீங்கள்" என்று டொக்டர் சொன்னபோது, ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன். சில மாதங்களில் நனைப்பது மெல்ல மெல்ல நின்றது. அலுமாரிப் பூட்டின் திறப்பைக் கடலில் எறிந்துவிட்டேன்.

தர்ஷிக்கு இப்போது பதினேழு. பெருநாளுக்குப் பெருநாள் பரீதா எல்லோருக்கும் கண்ணாடிக் குவளையில் சர்பத் கொடுப்பார். எனக்கு மட்டும் சின்னப் பிள்ளைகளின் மூடி போட்ட கோப்பை. மூடியை இறுக்கித் தருவது தர்ஷியின் வேலை.

"அப்பா, இந்தமுறை ஊத்தத் தேவையில்லை. எனக்கு அவசரமெண்டா நானே எழும்பிப் போவன்."