சொல்தா வீட்டு ஃபேன் சர்டிபிகேட்

சூரியனே உதித்து வந்தாலும் "பேப்பர் இருக்கா?" என்று வாசலில் நிறுத்தக்கூடிய ஆசாமி புதுச்சேரியில் ஒருவர்தான் இருந்தார். என் போறாத காலம், அவர் வீட்டு மாடியில்தான் நான் குடியிருந்தேன்.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். முதலியார்பேட்டை முழுக்க அவருக்குப் பெயர் சொல்தா, அதாவது சிப்பாய். நேரில் மட்டும் மரியாதையாக முசியே. பிள்ளைகள் பாரிசில், மனைவி சுவரில் மாலையோடு. பென்ஷன் வர, தான் உயிரோடு இருப்பதாக வருடா வருடம் அவர் சர்டிபிகேட் கொடுத்தாக வேண்டும். ஆளுக்கே அந்தக் கதி என்றால் ஃபேன் எம்மாத்திரம் என்பது அவர் கட்சி.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒரு கத்திரி வெயில். எங்கள் ஃபேன் ரெகுலேட்டர் புகைந்து போனது. வீட்டில் கைக்குழந்தை, உடம்பெல்லாம் வேர்க்குரு. எலக்ட்ரிசியன் ஏழுமலையைக் கூட்டி வந்தேன். சொல்தா படியில் குறுக்கே நின்றார்.

"லைசென்ஸ் இருக்கிற ஆளு செஞ்சி, டெஸ்ட் பண்ணி, கையெழுத்து போட்டுக் குடுக்கணும். இல்லன்னா ஒரு ஸ்க்ரூவக்கூட தொடக்கூடாது."

"புது வீட்டு ஒயரிங்குக்குக் குடுப்பாங்க முசியே. ரெகுலேட்டருக்கு எவன் குடுப்பான்?" என்றார் ஏழுமலை.

"குடுக்கணும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் படியே அதிர்ந்திருக்கும். "அதுவரைக்கும் கொழந்த வேகணுமா?"

"கீழ கொண்டாங்க. என் ஹால் ஃபேனுக்கு பேப்பர் இருக்குது."

இருந்தது. லேமினேட் செய்து, மனைவி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டியிருந்தார்.

தொட்டில் கீழே இறங்கியது. நான் லைசென்ஸ்காரர்களைத் தேடி அலைந்தேன். ஒவ்வொருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைசியில் ஒரு புண்ணியவான் வந்து ரெகுலேட்டரை மாற்றி, காகிதமும் கொடுத்தார். தேதி இல்லை என்று சொல்தா திருப்பிவிட்டார். தேதியோடு வந்தால், முத்திரை மங்கலாக இருக்கிறதாம். காகிதம் சரியாகும் வரை மாடியில் சுவிட்சைத் தொடக்கூடாதாம். இதென்ன வீடா, எல்லைச் சாவடியா?

இதற்கிடையில், சத்தம் கூடாது என்ற அவர் கட்டளைக்குத் தெருவே அடங்கிப் போயிருந்தது. வைத்திக்குப்பத்து மீன்காரம்மா அவர் வாசலில் மட்டும் "மீனு" என்பதை ரகசியம் போலச் சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்றாவது காகிதத்தோடு, இன்று இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று ஹாலுக்குள் பாய்ந்தேன். சொல்தா "அன், தே... அன், தே..." என்று பிரெஞ்சில் ஒன்று, இரண்டு எண்ணி, ராணுவ நடைக் கணக்கில் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார். உள்ளே குழந்தை அவர் விரலைப் பிடித்தபடி தூங்கியது.

காகிதத்தை வாங்கிப் படித்தார். தேதி இருந்தது. முத்திரை பளிச்சென்று இருந்தது. அவர் முகம் வாடிவிட்டது. மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"கையெழுத்து கோணலா இருக்குதே, தம்பி."

குழந்தை இன்னும் பிடித்திருந்த அவர் விரலைப் பார்த்தேன். நானும் காகிதத்தின் மேல் குனிந்தேன்.

"ஆமா முசியே, கோணல்தான். வேற வாங்கியாறேன். நாளாவும், பரவால்லியா?"

"ஒண்ணும் அவசரமில்ல," என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து "அன், தே" என்று ஆரம்பித்தார்.