ரஃபேலின் மசில் கேட்கிறதாம்

வாசகர்களே, நம் பக்கத்தில் புதிதாக ஓர் இனம் பெருகியிருக்கிறது. 'உடம்பு ஏற்றுகிறவர்' என்று பெயர். லூனாஸில் தெருவுக்கு ஒருவர், கூலிம் தொழிற்சாலைகளில் ஷிப்டுக்குப் பத்துப் பேர் தேறுவார்கள். எடை தூக்கினால் தசை வளரும், தசை வளர வளரப் பசி கூடும் என்பது உண்மைதான். நம் ஆள் இந்தப் பாடத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கியவர். பசியில் தேறிவிட்டார். தூக்குவது மட்டும் பாக்கி.

ரஃபேலை எடுத்துக்கொள்ளுங்கள். வயது நாற்பத்திரண்டு, ஹைடெக் தொழிற்பூங்காவில் நாற்காலியில் உட்கார்ந்து இயந்திரத்தைக் கண்காணிக்கும் வேலை. ஜனவரியில் ஜிம்மில் சேர்ந்தார். நான்கு நாள் போனார். அப்புறம் மழை, ஓவர்டைம், இடது தோளில் ஒரு பிடிப்பு என்று ஜிம் தள்ளிப்போனதே தவிர, காலை ஏழுக்கு நான்கு முட்டை, பத்துக்கு இரண்டு ரொட்டி சானாய், மதியம் மலைபோல் சோறு, மாலையில் மறுபடியும் நான்கு முட்டை, படுக்கப்போகும்முன் ஒரு குவளை புரோட்டீன் மாவு என்ற ஒழுங்கு ஒரு நாளும் பிசகவில்லை. "நான் கேக்கல லா, என் மசிலு கேக்குது" என்பார், தாயில்லாப் பிள்ளைக்குப் பால் கேட்பவர்போல. கண்கூடக் கலங்கும்.

பிறகு தவக்காலம் வந்தது. அந்த வீட்டில் நாற்பது நாளும் இறைச்சி கிடையாது, முட்டை மட்டும்தான். ரஃபேல் அசந்தாரா? கடும் உழைப்பாளிகளுக்கு, ஒருவேளை மட்டும் உண்ணும் ஒருசந்தியிலும் இறைச்சி தொடாத சுத்தபோசனத்திலும் விலக்கு உண்டென்று எங்கோ கேட்டு, அந்த வரிசையில் தம்மைத் தாமே சேர்த்துக்கொண்டு, கேண்டீனில் கோழிக்கால் கடித்தார். வீட்டு முட்டையையும் விடவில்லை.

அவர் மகள் ஏமிக்குப் போன மாதம்தான் பதினான்கு நிறைந்தது. பள்ளியில் குண்டு எறிபவள். வாரம் நான்கு நாள் மெய்யாகவே எடை தூக்கிவிட்டு வந்து, சோற்றுப் பானையைத்தான் முதலில் திறப்பாள். சனிக்கிழமை மாவட்ட அணிக்கான தேர்வு. "நல்லா சாப்பிடு. போன தடவை மாதிரி மூணாவது எறியில கை நடுங்குச்சுன்னா டீம்ல எடுக்க மாட்டாங்க" என்று ஆசிரியை சொல்லி அனுப்பியிருந்தார்.

வியாழன் மாலை. அவித்த முட்டை எட்டு. வீட்டில் இருந்ததே அவ்வளவுதான். ஏமி ஒன்றைத் தின்றுவிட்டு இரண்டாவதுக்குக் கை நீட்டினாள்.

"பதினாலு வயசாச்சு. சர்ச் சட்டப்படி இனிமே நீயும் ஒறுத்தல் பழகணும்மா" என்றார் ரஃபேல், ஐந்தாவதை உரித்தபடி.

"பசிக்குதுப்பா."

"அது நாக்குப் பசி. என்னோடது மசிலு பசி."

மனைவி ஃபெலிசியா விளக்குமாற்றோடு வந்தாள். கூடத்தின் நடுவே, வாங்கிய நாளில் படமெடுத்த அதே இடத்தில், நாற்பது கிலோ பளுக்கம்பி கிடந்தது. அதன்மேல் இரண்டு துவாலைகள் காய்ந்துகொண்டிருந்தன.

"ஏங்க, கூட்டணும். அதைக் கொஞ்சம் நகத்துங்க."

"இன்னிக்கு ரெஸ்ட் டே லா."

"நேத்து?"

"நேத்தும்தான். ரெஸ்ட்லதான் மசிலு வளரும், தெரியுமா?"

ஏமி எழுந்தாள். துவாலைகளை எடுத்து அப்பாவின் தோளில் போட்டாள். குனிந்து, முதுகு வளையாமல் கம்பியைத் தூக்கி, பால்கனிவரை நடந்து, சத்தமில்லாமல் வைத்தாள். கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"முட்டி இன்னும் கொஞ்சம் மடங்கணும்" என்றார் ரஃபேல்.

ஃபெலிசியா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள். தட்டில் இருந்த இரண்டையும் மகள் பக்கம் தள்ளினாள். கணவர் கையில் உரித்து வைத்திருந்ததையும் வாங்கி அதோடு சேர்த்தாள்.

"ஏய், அது எனக்கு!"

"நீங்க தூக்குற அன்னிக்குச் சொல்லுங்க. அவிச்சுத் தர்றேன்."

ஏமி மூன்றையும் தின்றாள். ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இன்று கரண்டியைத் தவிர வேறு எதைத் தூக்கினீர்கள்? யோசிக்க நேரமாகிறதென்றால், வாயில் இருப்பதை விழுங்கிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் தட்டை ஒருமுறை எட்டிப் பாருங்கள். அது உங்களுக்கு முன்பே காலியாகி, இன்னொரு கவளத்துக்குக் காத்திருந்தால், ரஃபேல் லூனாஸில் மட்டும் இல்லை.