வளைவில் எழுதப்போகும் பெயர்

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

அக்கராயனிலிருந்து மருமகள் சிவதர்சினி எழுதுவது. நானும் அம்மாவும் மாடுகளும் சுகம். குளத்தில் தண்ணீர் குறைவு, ஆகவே வயல் அவ்வளவு சுகமில்லை. கனடாவில் நீங்களும் மாமியும் உங்கள் முழங்காலும் சுகமாயிருக்க அம்மாளாச்சி துணை நிற்கட்டும். வட்ஸ்அப்பில் எழுதாமல் ஏன் தபாலில் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். வட்ஸ்அப்பில் நீளமாக எழுதினால் நீங்கள் முதல் வரியைப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிடுவீர்கள். காகிதத்துக்கு அந்த வசதி கிடையாது.

நீங்கள் படித்த பள்ளிக்கூடத்துக்கு நீங்கள் கட்டித் தருகிற நுழைவாயில் வளைவு முக்கால்வாசி முடிந்துவிட்டது. பார்க்க வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுமதில் இல்லை என்பதை நான் முன்பே சொன்னேன். ஆகவே பிள்ளைகள் வளைவுக்குள்ளால் வருகிறார்கள், மாடுகள் வளைவைச் சுற்றிக்கொண்டு வருகின்றன, இரண்டு தரப்பும் ஒரே வேப்பமரத்தடியில் சந்திக்கின்றன. கணிதத்துக்கு இன்னும் ஆசிரியர் இல்லை, விளையாட்டு ஆசிரியர்தான் விசில் ஊதிக் கணிதம் படிப்பிக்கிறார். அந்தக் காசில் ஒரு தொண்டர் ஆசிரியரை வைக்கலாமே என்று கேட்டபோது, வளைவென்றால்தான் படத்தில் எடுப்பாக விழும் என்று சொன்னீர்கள். சரி, விழட்டும்.

திறப்பு விழா மலருக்கு உங்கள் பிள்ளைப்பருவம் பற்றி ஆதாரத்தோடு ஒரு கட்டுரை எழுதச் சொன்னீர்கள். 'வகுப்பில எப்பவும் நான்தான் முதலாம் பிள்ளை, வாத்தியாரின்ர குறிப்புகளில எல்லாம் கிடக்கும், தேடி எடு பிள்ளை' என்றீர்கள். உள்ளதைச் சொன்னால் எனக்கு இதில் அக்கறை இருக்கவில்லை. அக்கறை வந்தது விழாக் குழுச் செயலாளர் கிருசாந்தன் எங்கள் வீட்டுக்கு வந்த அன்றைக்கு. பழைய மாணவர்களுக்கு முன்வரிசையில் கதிரை போடுவதாகவும், உங்களுக்கும் மாமிக்கும் மட்டும் மெத்தை வைத்த கதிரை இரண்டு வாடகைக்கு எடுப்பதாகவும் சொல்லிவிட்டு, அம்மாவிடம் திரும்பி, 'மாமி, நீங்கள் குசினிப் பக்கம், வடை உங்கட பொறுப்பு' என்றான். அம்மா மெதுவாக, 'நானும் அங்கதான் படிச்சனான் தம்பி' என்றார். கிருசாந்தன் கையிலிருந்த பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தான், பிறகு அம்மாவைப் பார்த்தான், பகிடி என்று நினைத்துச் சிரித்தான். 'சிவலட்சுமி எண்டு ஒருத்தரும் இல்லையே மாமி.' அம்மா உள்ளே போய்விட்டார். என் அம்மா பத்திரிகையை விளம்பரம் வரைக்கும் வாசிப்பவர், ஓஎல் பரீட்சை வரைக்கும் எனக்குக் கணக்குச் சொல்லித் தந்தவர். எந்தப் பள்ளிக்கூடத்திலும் பெயர் இல்லாத ஆள் இதையெல்லாம் எங்கே பழகினார்? உங்களைத் தேடப் புறப்பட்ட நான் அன்றிலிருந்து இரண்டு பேரைத் தேடினேன்.

முதலில் வீட்டில் தேடினேன். அலுமாரியின் அடியில் ஒரு பொலித்தீன் பையில் உங்கள் இருவரின் சாதகங்களும் கிடந்தன. உங்களுடையதில் வித்தைக்குத் தடை, நிலபுலம் விருத்தி என்று இருந்தது. அம்மாவினுடையதில் வித்தையில் சிறப்பு, பேச்சு குறைவு என்று இருந்தது. எனக்குச் சாத்திரத்தில் நம்பிக்கை இல்லாதபடியால் பையை மூடி வைத்தேன். பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பழைய பதிவுகள் இருந்த தகரப் பெட்டியைக் கடைசி இடப்பெயர்வில் உழவு இயந்திரத்தில் ஏற்றினார்களாம். அது எந்த ஊரோடு நின்றது என்று யாருக்கும் தெரியாது, அதற்குமேல் அந்தக் கதையை இங்கே ஒருவரும் கதைப்பதுமில்லை. குழுவின் பட்டியல், இருக்கிற ஆட்களின் ஞாபகத்திலிருந்து எழுதியது. கடைசியில் அதிபர்தான் வழி சொன்னார். உங்களுக்குப் படிப்பித்த தம்பிமுத்து வாத்தியாரின் மகள் அருந்ததி ரீச்சர் வவுனியா நெளுக்குளத்தில் இருக்கிறா, தகப்பனின் கடதாசிகளை அவா எறியவில்லை என்றார்.

பஸ்ஸில் நின்றபடியே போனேன். ரீச்சர் ஓர் உரப்பையை அவிழ்த்து வாத்தியாரின் குறிப்புகளை மேசையில் போட்டார். உங்கள் பெயர் உடனேயே அகப்பட்டது. 'மயில்வாகனம், கணிதத்தில் கெட்டி, கையெழுத்து அழகு.' எனக்கு உங்கள்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது மாமா. அடுத்த தவணையில் 'தையலில் முதற்பரிசு' என்று இருந்தது. சரி, மாமாவுக்குள் இப்படியும் ஒரு திறமை என்று நினைத்தேன். அதற்கடுத்தது, 'கோலாட்டத்துக்குத் தெரிவு.' அதற்கும் கீழே, 'பின்னலை இறுக்கிக் கட்டி வரும்படி வீட்டுக்குச் சொல்லவும்.' அதே வருடத்தில், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பணிஸ் ரொட்டிக் கணக்கில், கிட்டத்தட்ட ஒரு மாதம் முழுக்க, 'மயில்வாகனம் விரதம், பணிஸ் வேண்டாம்' என்று எழுதியிருந்தது. இதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. பின்னல்கூட வளர்த்திருக்கலாம். நீங்கள் ஒரு பணிசை வேண்டாம் என்று சொன்னீர்கள் என்றால் அதை மாமியே நம்பமாட்டா.

நான் முழுசுவதைப் பார்த்துவிட்டு ரீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். 'மயில்வாகனமோ? அது உம்மட அம்மாவெல்லோ பிள்ளை' என்றார்.

பிறகு அவர் சொன்னதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லுவேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறின சனம் அப்போதுதான் காடு வெட்டி விதைக்கத் தொடங்கியிருந்தது. விதைத்தால் பன்றிக்கும் குருவிக்கும் காவல் வேண்டும், காவலுக்குப் பெடியன்கள் வேண்டும். பிள்ளைகளின் தொகை குறைந்தால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள் என்ற பயத்தில் வாத்தியார் வீடுவீடாகப் போய், 'ஒரு தலையைத் தாங்கோ, ஆரின்ர தலையெண்டாலும் பரவாயில்லை' என்று கெஞ்சுவாராம். உங்கள் ஐயா, அதாவது என் அம்மப்பா, உங்களை வயலுக்கு அனுப்பிவிட்டு உங்கள் தங்கையை வாத்தியாரோடு அனுப்பினார். அம்மாவின் பெயரில் சேர்க்கலாமே என்றால் அதற்குப் பிறப்புப் பதிவு வேண்டும். பெட்டைப்பிள்ளையின் பிறப்பைப் பதிய அம்மப்பாவுக்கு நேரம் கிடைக்கவில்லை. மாடுகள் எல்லாவற்றுக்கும் குறி சுட நேரம் கிடைத்திருக்கிறது. ஆகவே மயில்வாகனம் என்று கூப்பிட்டால் இரட்டைப் பின்னலோடு அம்மா எழும்பி நிற்பார். வருடக்கணக்காக நின்றிருக்கிறார்.

வவுனியாவுக்கு வந்த கையோடு, ரீச்சரிடம் விலாசம் வாங்கி இன்னொரு சாட்சியையும் பார்த்தேன். அந்தக் காலத்தில் குளத்தடியில் கடை வைத்திருந்த காசிம் நானாவின் மகள் ஆசியா உம்மா. ஊரிலிருந்து துரத்தப்பட்டுப் புத்தளத்தில் காலம் கழித்துவிட்டு இப்போது வவுனியாவில் மகன் அன்ஸாருடன் இருக்கிறார். எல்லாவற்றையும் கேட்டு, முக்காடு நழுவி விழும்வரை சிரித்தார். 'உங்கட மாமாட பேர் நல்ல பேர் மகள், நிறைய வேல செஞ்ச பேர். மிச்சத்த உம்மாக்கிட்டக் கேளுங்க' என்று மட்டும் சொல்லி, அம்மாவுக்கு ஒரு கிண்ணம் வட்டிலப்பம் தந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அம்மா மறுக்கவில்லை. 'ஓம், இருந்தது நான், பேர் அண்ணையின்ர. அதுக்கு இப்ப என்ன? அண்ணையும் பாவம், பன்றியோட நிண்டது' என்றார். பின்னேரங்களில் வரம்பில் இருந்து, அன்றன்றைக்குப் படித்ததை உங்களுக்குச் சொல்லித் தந்ததையும் சொன்னார். அதை நான் குறைத்து எழுதமாட்டேன். நீங்கள் பன்றியோடு நின்றது உண்மை. ஆனால் மயில்வாகனம் என்ற பள்ளி விடுகைப் பத்திரத்தைக் காட்டி முதல் வேலை எடுத்தது நீங்கள், அதைக் கொண்டு வெளிநாடு போனது நீங்கள், இப்போது அந்தப் பெயரைச் சீமெந்தில் எழுதப்போவதும் நீங்கள். கெட்டிக்காரியாயிருந்த பிள்ளை குசினியில் வடை சுட வேண்டும். இதற்கு நான் பூப்போட்ட அட்டையில் கட்டுரை வேறு எழுத வேண்டும். எழுதமாட்டேன் மாமா.

மேசன் இன்னும் வளைவில் பெயர் எழுதவில்லை. இந்தக் கடிதம் கிடைத்தவுடன் கிருசாந்தனுக்குப் போன் எடுங்கள். உண்மையைச் சொல்லுங்கள். வளைவில் சிவலட்சுமி என்று எழுதச் சொல்லுங்கள். அம்மாவுக்கு முன்வரிசையில் ஒரு கதிரை போடச் சொல்லுங்கள். உங்களைத் தவிர வேறு யார் சொன்னாலும் அவன் பகிடி என்றுதான் சிரிப்பான்.

மாமிக்கு என் வணக்கம், மச்சாள்மாருக்கு அன்பு, பேரப்பிள்ளைகளுக்கு அவர்களுக்கு விளங்கக்கூடிய பாசையில் ஏதாவது ஒன்று. அம்மாளாச்சி உங்கள் முழங்காலையும் மனச்சாட்சியையும் ஒன்றாகவே சுகப்படுத்தட்டும்.

இப்படிக்கு,
மரியாதையும் கோபமும் குறையாத மருமகள்,
சிவதர்சினி

பிற்குறிப்பு: உறையை ஒட்டுமுன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தையல் பரிசு வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். 'தையல் நானில்லையடி. அது ஆசியா.' யோசித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் பொத்தான் கழன்றால் இன்றைக்கும் நான்தான் தைக்கிறேன். நாற்று நடுகைக்கும் நெல் விளைந்தால் அருவி வெட்டுக்கும் அம்மாவையும் வயலுக்கு இழுத்துவிடுவார்களாம். தலை குறைந்தால் வாத்தியார் அழுவாரே என்று அம்மாதான் காசிம் நானாவின் மகளைக் கடை வாசலிலிருந்து கூட்டிக்கொண்டுபோய்த் தன் இடத்தில் இருத்தியிருக்கிறார். அவரையும் ஒருவரும் பள்ளிக்கு அனுப்பவில்லை. கோலாட்டமும் அவர்தான், அவிழ்ந்த பின்னலும் அவருடையதுதான். அந்த ஒரு மாத விரதம் ரமழான் நோன்பு. 'அப்ப மாமா ஒரு நாளும் வரேல்லையோ?' என்று கேட்டேன். 'வந்தவர், பணிஸ் குடுக்கத் தொடங்கின அண்டைக்கு' என்றார்.

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள். வளைவில் தன் பெயரை எழுதினால் ஆசியாவின் பெயரை எங்கே எழுதுவது என்று அம்மா கேட்கிறார். மயில்வாகனம் என்றே இருக்கட்டுமாம், படித்த பெயர் அதுதானாம். மேசனிடம் சொல்லிவிட்டோம். ஆசியா உம்மாவுடன் அம்மா கதைத்துவிட்டார், அன்ஸார் வான் வண்டியில் கூட்டிக்கொண்டு வருகிறார். வகுப்பு வரவு இடாப்பில் மயில்வாகனமாக இருந்தவர்களுக்குத்தானே அந்த மெத்தைக் கதிரைகள் என்று கிருசாந்தனைக் கேட்டேன். வாத்தியாரின் குறிப்புகளைக் காட்டியதும், முதல்முறையாகச் சிரிக்காமல், ஓம் என்றான். அந்த இரண்டு கதிரைகளும் நிரம்பிவிட்டன.

நீங்களும் மாமியும் கட்டாயம் வாங்கோ மாமா. உழுந்து நாங்கள் ஊறப்போட்டு வைப்போம். வடை சுடத்தான் ஆள் இல்லை.