பதினைந்து வினாடி டயப்பர்

ஒப்புக்கொள்கிறேன். கல்யாணத்துக்கு முன்பே எனக்கு ஒரு குழந்தை இருந்தது. அது எங்கள் வீட்டு டிவிக்குள் மட்டும்தான் இருந்தது என்று நம்ப வைப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

மேனாம்பேட்டில் எங்கள் வீட்டில் இருந்தது டிவியில் படமும் மேட்சும் பார்க்கும் ஆப்புக்கு, விளம்பரத்தோடு வரும் மலிவுச் சந்தா. படத்தின் நடுவே மூன்று பொருட்களைக் காட்டி, எந்த விளம்பரம் வேண்டும் என்று நம்மையே கேட்கும். கார் முப்பது வினாடி, பெயின்ட் நாற்பது, டயப்பர் பதினைந்து. ஆறு மாதமாக நான் டயப்பரையே அமுக்கிக்கொண்டிருந்தேன். (பெரிய ராஜதந்திரின்னு நெனப்பு!) மிச்சம் பிடித்த வினாடிகளில் எதையும் கிழித்துவிடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வந்தார்கள். அதற்குள் நானும் பெண் கயல்விழியும் ஒருமுறை சந்தித்துப் பேசியிருந்தோம். கட்டினால் இவளைத்தான் என்று நான் முடிவே செய்துவிட்டிருந்தேன். அவள் அப்பாவுக்கு ஆவடியில் தொழிற்சாலை வேலை, குவார்ட்டர்ஸ் வாசம். சமையலறைக் குழாய் முதல் மொட்டைமாடி டேங்க் வரை திறந்து பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தவர், "தம்பி, மேட்ச் என்னாச்சுன்னு பாப்போமா?" என்றார்.

போட்டேன். ஓவர் முடிந்ததும் டயப்பர் வந்தது. அடுத்த ஓவருக்கு, பல் முளைக்கும் குழந்தை கடிக்கிற ரப்பர் வளையம். (ஆறு மாசத்துல புள்ள வளராதா பின்ன?) அதற்கடுத்து, 'உங்கள் செல்லத்தின் முதல் வகுப்பறை' என்று அம்பத்தூர் ப்ரீ கே.ஜி. ஒன்றின் அட்மிஷன்.

கயல்விழியின் அம்மா கேசரித் தட்டைக் கீழே வைத்தார்.

"வீட்ல சின்னக் குழந்தை இருக்கா தம்பி?" என்றார் அவள் அப்பா.

"இல்லீங்களே."

"பாக்குறவங்களுக்குத் தகுந்தாப்லதான் விளம்பரம் வரும்னு சொல்றாங்க?"

என் அம்மா என் பக்கம் திரும்பினாள். "இன்னாடா இது? எனக்குத் தெரியாம எங்கனா..." என்று தொடங்கி வாயைப் பொத்திக்கொண்டாள். பெற்றவளே சந்தேகப்பட்டால் வந்தவர்களை என்ன சொல்வது?

வினாடிக் கணக்கை விளக்கப் பார்த்தேன். பதற்றத்தில் எதையோ உளறினேன். "எனக்கு டயப்பர்னா பிடிக்கும்ங்க" என்றுகூடச் சொன்னதாக அம்மா இன்றுவரை சாதிக்கிறாள். கயல்விழியின் அப்பா மகளுக்கு ஃபோன் போட்டு, விஷயத்தைச் சொல்லி, ஸ்பீக்கரில் வைத்தார். கல்யாணம் கைநழுவிவிட்டது என்றே நினைத்தேன்.

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "அப்பா, நம்ம வீட்டு டிவியில ரெண்டு மாசமா டிராக்டரா வருதே, குவார்ட்டர்ஸ்ல டிராக்டரா நிக்குது? சீக்கிரம் முடியுதேன்னு நான்தான் அதையே அமுக்குறேன். அவரும் என்னை மாதிரிதான்."

அவர் தொடையைத் தட்டினார். "அதானே! நமக்கு எதுக்கு இந்த டிராக்டர்னு நானும் யோசிச்சுக்கிட்டே இருந்தேன்" என்று சிரித்தார். கேசரித் தட்டு மறுபடி அவர் மனைவியின் கைக்குப் போனது. அப்பாடா! எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அம்மா மட்டும், "உன் மூஞ்சிக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்" என்று காதோரம் கடிந்துகொண்டாள்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. போன வருடம் மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ், "முதல் குழந்தையா?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார்.

"எம் பொண்ணுக்கு இதுதாம்மா முதல். மாப்பிள்ளைக்கு மூத்தது ஒண்ணு டிவியில இருக்கு."