தொடையின் சுவர்ப் பக்கம்

"ஞாயித்துக்கிழமை மார்ட்டின் திருநாளுக்குப் புது வைன் திறக்க அப்பா வர்றார். கூட நாலு பேர். பலகை நிறைய பிர்ஷுத் அடுக்கணும். நீங்கதான் அறுக்கணும்," என்றாள் என் மனைவி நெவெங்கா.

நான் சூப் கிண்ணத்தின் மேல் குனிந்துகொண்டேன்.

பிர்ஷுத் என்பது உப்பில் ஊறி, புகை குடித்து, மலைக்காற்றில் காய்ந்த முழுப் பன்றித் தொடை. என் மாமனார் யெரோலிம் தன் கையாலேயே பக்குவம் செய்து, ஏப்ரலில் எங்கள் நிலவறையில் மாட்டிவிட்டுப் போனார். போகும்போது ஒரு வார்த்தை சொன்னார்.

"மாப்ளே, புது வைன் திறக்கிற அன்னிக்குத்தான் இதுல கத்தி படணும். முன்னாடியே பட்டுதுன்னா, நான் குடுத்த படகை நானே எடுத்துக்குவேன்."

சொன்னால் செய்கிற மனுஷன். அந்தப் படகு போனால் நான் கரையில் உட்கார்ந்து அலை எண்ண வேண்டியதுதான்.

நானும் கத்தி படாமல்தான் காப்பாற்றினேன். அதாவது, வாசலைப் பார்த்த பக்கத்தில். சுவரைப் பார்த்த பக்கத்தில் ஜூனில் ஒரு சின்னத் துண்டு எடுத்தேன். ருசி பார்க்கத்தான். இப்போது அங்கே எலும்பு தெரிகிறது.

"ஏங்க, முகம் ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?"

"சூப் சுடுது."

"அது ஆறி அரை மணி நேரம் ஆச்சே!"

அடுத்த வீட்டுத் தோங்கா அக்காவிடம் ஓடினேன். அவள் நிலவறையில் ஒரு தொடை தொங்கியது. அதே அளவு, அதே கறுப்பு. கடவுள் இருக்கிறார்!

"அக்கா, இதை எனக்குக் குடுங்க. என்ன வேணும்னாலும் கேளுங்க."

"என் தோட்டத்துல பன்னெண்டு ஆலிவ் மரம் இருக்கு. பறிச்சுக் குடு தம்பி."

"எனக்கு முதுகு வலி அக்கா." எங்கள் தோட்டத்து ஆலிவைப் பறிக்க நெவெங்கா கூப்பிட்டபோதும் இதைத்தான் சொல்லியிருந்தேன்.

"அப்ப அந்த முதுகை உன் மாமனார்கிட்ட காட்டு."

நான்கு நாள் பறித்தேன். வீட்டில் மீன் பிடிக்கப் போவதாகச் சொல்லிவைத்தேன். தலையெல்லாம் இலையோடு திரும்பினேன்.

"மீன் மரத்துல ஏறிடுச்சா?" என்றாள் நெவெங்கா. அசடு வழிந்தேன்.

சனிக்கிழமை அவள் தேவாலயத்துக்குப் போன நேரம், தோங்கா அக்காவின் தொடையைக் கொக்கியில் மாட்டினேன். நான் குடைந்ததைப் படகில் வலைக்கு அடியில் ஒளித்தேன்.

ஞாயிறு. பலகையில் நெவெங்கா ஆட்டுப்பால் சீஸ், காய்ந்த அத்தி, வால்நட் எல்லாம் அடுக்கி, நடுவில் இடம் விட்டிருந்தாள். நான் கத்தியை எடுத்தேன்.

"இரு மாப்ளே!"

மாமனார் சட்டைப் பையிலிருந்து பதம் பார்க்கிற குதிரை எலும்பு ஊசியை எடுத்தார். தொடையில் குத்தி உருவி, மூக்கருகே வைத்து முகர்ந்தார். அவர் மூக்குக்கு ஊரே பயப்படும். இன்னொரு இடத்தில் குத்தினார். மறுபடி முகர்ந்தார். என் படகு கண்ணெதிரே கடலில் மறைந்துகொண்டிருந்தது.

"என் பன்னி. என் புகை. என் கைப்பக்குவம் எனக்குத் தெரியாதா?" என்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "நீதான்டா மாப்ளே! நீ தொட்டிருப்பேன்னு நெனச்சேன்."

போன உயிர் திரும்பி வந்தது. கண்ணாடி மாதிரி மெல்லிசாக அறுத்துத் தள்ளினேன். காலித் தட்டோடு சமையலறைக்குப் போய்ச் சிரித்தேன்.

"உங்கப்பாவுக்கு வயசாயிடுச்சு. மூக்கு போயிடுச்சு."

"அப்பா மூக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அது அவர் குடுத்ததுதான்," என்றாள் நெவெங்கா, தட்டைத் துடைத்தபடி.

"அப்ப நான் தின்னது?"

"நான் சந்தையில வாங்கி மாட்டினது. அப்பா படி இறங்கின அன்னிக்கே அவரோடதைத் தோங்கா அக்கா வீட்டுக்கு அனுப்பிட்டேன். உங்களைத் தெரியாதா எனக்கு?"

நான் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தேன்.

"நம்ம தோட்டத்துல இருபது மரம் இருக்கு. நாளைக்கு ஆரம்பிக்கறீங்களா?"

"நெவெங்கா, என் முதுகு..."

அவள் கூடத்துப் பக்கம் திரும்பினாள். "அப்பா! படகுல வலைக்கு அடியில ஒரு எலும்பு..."

"ஏணியை எங்கே வெச்சிருக்கே?" என்றேன்.